அளந்த குளம்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

ஊர்க் குளத்தை வீட்டுமனையா மாத்துற திட்டம் ரத்தாயிட்டு. மனு போட்டு அலைஞ்சவன் நான்தான். இன்னைக்கு சர்வேயர் பழைய வரைபடத்தை வச்சு குளத்தோட எல்லையை அளந்தார். ஊரே பின்னால வந்துச்சு. டேப் நேரா என் தங்கச்சி வீட்டு அடுப்படிக்குள்ள போய் நின்னுச்சு.

கோடையில குளம் வத்தினதும் அப்பா அந்த மூலையில வெள்ளரி போடுவார். வருஷாவருஷம் போட்டுப் போட்டு அது எங்க இடமாவே ஆயிட்டு. தங்கச்சி கல்யாணத்துக்கு அதைத்தான் சீரா கொடுத்தார். அது குளம்னு எங்க யாருக்கும் நினைப்பே இல்லை.

"அண்ணாச்சி, ஆக்கிரமிப்பு எதையும் விடக்கூடாதுன்னுதான மனு கொடுத்திய?"ன்னு சர்வேயர் கேட்டார். எல்லாரும் என் மூஞ்சியையே பார்த்தாங்க. நான் தலையாட்டித் தொலைச்சேன்.

சுவத்துல சிவப்புப் பெயிண்டால கோடு போட்டுட்டுப் போயிட்டாங்க. தங்கச்சி அழலை, ஏசலை. "காலையிலேருந்து வெயில்லயே நிக்க, டீ குடிச்சிட்டுப் போண்ணே"ன்னா. அந்த அடுப்புலதான் போட்டுக் கொடுத்தா. குடிச்சேன்.

இப்ப மழை பிடிச்சிருக்கு. குளம் நிறையணும்னு வேண்டாத சாமி இல்லை. இந்த மழை நின்னா தேவலை.