பெரியண்ணாவின் நடை

பால்பா
அசோஜ் மாதம் 21

அன்புள்ள பெரியண்ணாவுக்கு,

தில்சராவின் வணக்கம். இங்கே அப்பா, அம்மா, இரண்டு எருமைகள் எல்லாரும் நலம். உங்கள் பக்கம் வெயில் குறைந்ததா? கத்தாருக்குத் திரும்பும் டேக்ராஜ் மாமாவிடம் இந்தக் கடிதத்தையும் அம்மா போட்ட முள்ளங்கி ஊறுகாயையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சின்னண்ணா பேரை எடுத்தாலே நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். எதிரில் ஒருவர் கோபப்பட்டால் எனக்கும் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பி.ஏ. சான்றிதழ் வந்துவிட்டது. எலி கடிக்குமாம், அப்பா அதை அரிசிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். வேலைக்கு மனுப் போட ஒவ்வொரு முறையும் சாவி கேட்க வேண்டியிருக்கிறது.

போன சனிக்கிழமை நானும் அம்மாவும் பஸ்ஸில் புட்வலுக்கு இறங்கிப் படம் பார்த்தோம். ஊரெல்லாம் பேசுகிற அந்த அண்ணன் தம்பி அடிதடிப் படம்தான். வரிசையில் நிற்க எனக்குக் கூச்சம். அம்மாதான் முட்டி மோதி டிக்கெட் வாங்கினாள். அதில் அண்ணன் வேடக்காரருக்குச் சின்னண்ணாதான் டூப். விழுவது, குதிப்பது எல்லாம் இவர். முகம் மட்டும் அந்த நடிகருடையது.

ஒரு மோமோ கடையில் தம்பியைப் பத்துப் பேர் சூழ்ந்துவிடுகிறார்கள். தெருக்கோடியிலிருந்து அண்ணன் வருகிறான். முதுகு மட்டும்தான் தெரிகிறது. அவசரமே இல்லை. இடது தோளைச் சற்றுச் சாய்த்து நடந்து வந்து, தொப்பியைக் கழற்றி அங்கே கட்டியிருந்த ஆட்டின் கொம்பில் மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறான். அரங்கமே சிரித்தது. அப்புறம் அவன் கூரைமேல் ஏறியதும் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "டேய் பெரியவனே! அங்கேருந்து குதிக்காதடா, காலு போயிரும்!" என்று கத்தினாள். பின்வரிசையில் ஒருவர், "உக்காரு ஆத்தா, உன் பெரியவன் ஜெயிச்சுருவான்" என்றார். எனக்கு நாற்காலிக்கடியில் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அது சின்னண்ணா என்று காதில் சொன்னேன். "போடி, நடை பெரியவனோடது. பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு படம் முடியும்வரை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

ஊர் திரும்பியதும் சின்னண்ணாவுக்குப் போன் செய்து கேட்டேன். "டைரக்டர், ஒரு அண்ணன் மாதிரி நடந்து வாடான்னாரு. எனக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர்தானே" என்றார். பிறகு, "அவரு பாத்தா, என்னைய கிண்டல் பண்றான்னு இன்னும் நாலு திட்டு சேத்துத் திட்டுவாரு" என்று சிரித்தார்.

நீங்கள் அலைந்து வாங்கிக் கொடுத்த விசாவை விட்டுவிட்டு, விமானம் ஏறவேண்டிய நாளில் அவர் படப்பிடிப்புக்குப் போனது தப்புதான். கத்தார் விமான நிலையத்தில் காத்து நின்ற உங்களுக்கு உங்கள் மேலாளர் முன் தலைகுனிவு. எனக்குத் தம்பியே இல்லை என்று சொல்லி இரண்டு வருடம் பேசாமல் இருந்துவிட்டீர்கள். அந்த இரண்டு வருடமும் அவர் உங்களைப் போலவே நடந்துகொண்டிருந்திருக்கிறார் அண்ணா.

திஹார் பண்டிகைக்கு லீவில் வருகிறீர்கள். அவன் இருந்தால் வாசல் மிதிக்க மாட்டேன் என்றீர்களாம். அதைக் கேட்டு அவர், "அண்ணன் வரட்டும், நான் காத்மாண்டுலயே இருந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். வா என்று நீங்கள் ஒரு சொல் சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவார். முதல் சொல் உங்களுடையதாக இருக்க வேண்டும்; நீங்கள்தானே மூத்தவர்.

பண்டிகையின் கடைசி நாள் உங்கள் நெற்றியில் நான் டீக்காப் பொட்டு வைத்ததும், மூத்தவரானாலும் நீங்கள் என் காலில்தான் விழ வேண்டும். வருடத்தில் அந்த ஒரு நாள் நான் சொல்வதை நீங்கள் கேட்டே ஆகவேண்டும். இந்த முறை அந்த உரிமையைக் கொஞ்சம் முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறேன். எமன் தாண்டாமல் இருக்க அன்று உங்கள் இருவரையும் சுற்றி நான் ஊற்றும் எண்ணெய்க் கோடு ஒன்றுதான். ஒருவரை வெளியே விட்டு அதை மூட என் கை வராது.

இருவரும் நூறாண்டு இருங்கள்.

உங்கள் தங்கை,
தில்சரா