முண்டும் முடிச்சுமான சரிகைக் கயிறு

இன்று காலை பரணிலிருந்து உங்கள் கை டிரில்லை இறக்கினேன். அந்த மெஷின் எண்ணெய் நாற்றம் சோப்புப் போட்டுக் கழுவியும் கையை விட்டுப் போகவில்லை. புருஷன் எனக்கு விட்டுப்போன சொத்து இதுதான். போன பிறகும் என்னை வேலை வாங்குகிறீர்கள்.

என் தங்கைக்கு நிச்சயதார்த்தம் தொண்ணூற்றொன்றில். மாப்பிள்ளை வீட்டார் வாலாஜாபாத்திலிருந்து மண்ணூருக்கு வருகிறார்கள். அப்பா இல்லாத வீடு. தட்டு வரிசையைப் பார்த்து யாரும் முகம் சுளித்துவிடக் கூடாதே என்று எனக்குப் பயம். கண்ணாடித்தாள் சுற்றிய தாம்பாளங்களைக் கட்ட, சிவப்பு நூலும் சரிகையும் சேர்த்து நானே கயிறு திரிக்க உட்கார்ந்தேன். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையில் பென்சிலைச் செருகி நிதானமாக முறுக்கினால் போதும். நீங்கள் விட்டால்தானே?

"பென்சில்ல சுத்திகினு கீறியே, எப்போ முடியும்? எங்க ஃபேக்டரி லைன்ல இப்டி வேலை செஞ்சா சூப்பர்வைசர் தொரத்திடுவான்" என்று டிரில்லோடு வந்தீர்கள். அதன் மூக்கில் கொக்கி மாட்டி விர்ரென்று சுற்றினீர்கள். நூல் விறைத்து நின்றது. "போதுங்க, நிறுத்துங்க" என்று கத்தினேன். "இன்னும் தாங்கும்டி" என்றீர்கள்.

அடுத்து கயிற்றை இரண்டாக மடிக்க வேண்டும். "நடுவுல புடிச்சுக்குங்க, ரெண்டு முனையும் சேர்ற வரைக்கும் விட்றாதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். வாசலில் உங்கள் சிநேகிதர், "ஃபேக்டரில ஓவர்டைம் கீதாம்ப்பா, வர்றியா?" என்று குரல் கொடுத்தார். திரும்பினீர்கள், கையை விட்டுவிட்டீர்கள்! கயிறு தன்பாட்டுக்குச் சுருண்டு, முண்டும் முடிச்சுமாகத் தரையில் கிடந்தது. மறுபடி திரிக்க நூலுமில்லை, நேரமுமில்லை. நான் அழுதுகொண்டிருக்க, நீங்கள் அதையே வெட்டித் தாம்பாளங்களில் கட்டினீர்கள்.

மாப்பிள்ளையின் அம்மா அதைத் தடவிப் பார்த்தார். "இன்னாம்மா இது, பூ பூவா கீது? எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார்.

"கடையில கெடைக்காதும்மா. எங்க வூட்ல ஸ்பெஷலா போட்டது" என்றீர்கள், கூசாமல். அதோடு நின்றீர்களா? கல்யாணத் தட்டுகளுக்கும் அதே மாதிரி செய்து தருவதாக வாக்குக் கொடுத்தீர்கள். கல்யாணக் கயிற்றிலும் அந்தப் பூ உங்கள் கையில்தான் விழுந்தது. எனக்கு எரிச்சலான எரிச்சல்.

நாளைக்குத் தங்கை மகளுக்கு நிச்சயம். "மாமா போட்ட மாதிரியே வேணும்க்கா, அதான் நமக்கு ராசி" என்று தங்கை ஒரே பிடிவாதம். டிரில்லில் முறுக்கிய கயிற்றை, நடுவில் பிடிக்க ஆளில்லாமல் கதவுக் கொக்கியில் மாட்டினேன். அது வம்பு பேசவில்லை, வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை, விடவுமில்லை. கயிறு ஒழுங்காக, நேராக வந்தது. பிறகு வேண்டுமென்றே நானே கையை விட்டும் பார்த்துவிட்டேன். சிக்கல்தான் விழுகிறது, பூ விழவில்லை.

கேட்காததையெல்லாம் மணிக்கணக்கில் விளக்குவீர்களே, இதை மட்டும் சொல்லாமல் போய்விட்டீர்கள். ஆத்திரம் ஆத்திரமாக வருகிறதுங்க. நான் யாரிடம் போய்க் கத்துவேன்?