பட்டி போட்ட பாதி வயல்

திருப்புலிவனம்,
6-2-1961.

மதிப்புக்குரிய கிராம சேவக் ஐயா ஜெகந்நாதன் அவர்களுக்கு, பச்சமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கு நானும் செல்லம்மாளும் மாடு கன்றும் சுகம். பயிற்சிக்குப் போன இடத்தில் கோயமுத்தூர்ச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? நீங்கள் வெட்டவைத்த எருக்குழிகளை முக்கால்வாசிப் பேர் தூர்த்துவிட்டார்கள். மூட்டையில் உப்பு வரும்போது குப்பையை ஏன் சுமக்க வேண்டும் என்கிறார்கள். சீமை உரத்தை இங்கே உப்பு என்றுதான் சொல்கிறோம்.

போன வருஷம் என் வயலை இரண்டாகப் பிரித்து, வாய்க்கால் பக்கத்துப் பாதிக்கு மட்டும் அந்த உப்பைப் போட்டீர்கள். அது இரட்டிப்பாக விளைந்து ஊரே வந்து பார்த்தது. எனக்கு மாலைகூடப் போட்டீர்கள்.

அன்று சொல்லாததை இன்று சொல்கிறேன். நீங்கள் வருவதற்கு முன், அதே பாதியில் பத்து நாள் ஆட்டுப்பட்டி போட்டிருந்தேன். இருநூறு ஆட்டின் புழுக்கையும் மூத்திரமும் இறங்கிய மண் அது. மறுபாதிக்கு நகர்த்துவதற்குள் கோடைமழை பிடித்து, ஆட்டுக்காரர் பட்டியைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார். நீங்கள் முளைக்குச்சி அடித்தபோதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பக்கத்து வயல்காரன் வேதாசலத்திடம் போய்விடுவீர்களோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வேதாசலம்தான் என் வயலை நம்பி, இந்த வருஷம் பட்டியும் வேண்டாம் தழையும் வேண்டாம் என்று உப்பையே மூன்று தடவை போட்டான். பயிர் கருகருவென்று வளர்ந்து, பால் பிடிக்கும்போது சாய்ந்துவிட்டது. தூற்றினால் பாதி பதர். அவன் யாரையும் திட்டவில்லை. "அதே உப்புலதான உனுக்கு வெளஞ்சிது, என் மண்ணுதான் செத்துப்பூட்ச்சி" என்று என்னிடமே சொல்கிறான். நிலத்தை விற்றுவிட்டு வாலாஜாபாத் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கப் போகிறானாம். வெள்ளிக்கிழமை பத்திரம்.

செல்லம்மாளிடம் சொன்னேன். "என்கிட்ட இன்னாத்துக்கு சொல்லிக்கினு கீற, அவன் வூட்ல போய் சொல்லு" என்று அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். இரண்டு தடவை போனேன். மாட்டைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். வெட்கமாக இருக்கிறது ஐயா.

அதனால்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். இதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு நேரே அவன் வீட்டுக்குப் போகிறேன். போட்ட பிறகு என்னால் திரும்ப எடுக்க முடியாது.

அங்கே பயிற்சிக்கு வந்தவர்கள் முன்னால் என் வயலைப் பற்றிப் பேசப்போவதாக எழுதியிருந்தீர்கள். உப்பு எவ்வளவு, ஆடு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஆட்டுப்பட்டியையும் சேர்த்துச் சொல்லுங்கள். மறைத்தவன் பச்சமுத்து என்று பெயர் சொல்லியே சொல்லுங்கள்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். வருகிற ஆடியில் வேதாசலம் தன் வயலில் ஏர் பூட்ட வேண்டும். என்னோடு பேசாமல் போனாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் நம்பிக்கையைக் கெடுத்த
பச்சமுத்து