மூன்றாம் குழாயின் மேல்பக்கம்

மாப்ளே,

வெள்ளிக்கிழமை போடியில் சாரல் பிடித்துக்கொண்டது. பீரோ மேல் கிடந்த பழைய மழைக்கோட்டை எடுத்து உதறினேன். மூன்று வருடமாக மடிப்புக்குள் கிடந்த ஏலக்காய் வாசனையும் சேற்று வாசனையும் ஒன்றாக எழுந்தன. பைக்குள் கையை விட்டபோது வட்டமான பிளாஸ்டிக் மூடி ஒன்று தட்டுப்பட்டது. வெளியே எடுத்தேன். '3 மேல்' என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது. பஸ்ஸுக்குப் போகாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குப் புதிய செய்தி இல்லை. ஜீப் என்றால் பயம், அட்டை என்றால் பயம், நாலு பேர் முன்னால் பேசுவதென்றாலும் பயம். "சிலமலையில பொறந்துட்டு மலையப் பாத்துப் பயப்படுறவன் நீ ஒருத்தன்தான்டா" என்பாய். ராசிங்காபுரத்துக்காரன் உனக்கு மட்டும் கொம்பா முளைத்திருந்தது என்று நான் திருப்பிக் கேட்பேன். ஆனால் அந்த மூடியைப் பார்த்தபோது வந்த பயம் வேறு மாதிரி. மூன்று வருடமாக நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பயம் அது. நீ இருக்கும்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் நம் சனிக்கிழமைக் கூட்டம் இன்னும் நடக்கிறது. விலங்கியல் துறை மாடியில், எலும்புக்கூடு அலமாரிக்குப் பக்கத்தில், அதே நீள மேசை. பரிணாமம், புதைபடிவம் என்று யார் எதைப் படித்தாலும் அங்கே கொண்டுவந்து பிரித்துப் போட்டுச் சண்டை பிடிப்போம். உயிர்கள் மாறுவது தாவித் தாவித்தான் என்பது உன் கட்சி. மெல்ல மெல்லத்தான் என்பது என் கட்சி. "இவன் பஸ்சுல ஏறுறதே அப்படித்தான் அக்கா. இவன் மெல்ல ஏறுறதுக்குள்ள பஸ்சு தேனி தாண்டிரும்" என்று அமுதா அக்காவிடம் நீ சொன்னதற்கு எலும்புக்கூடு தவிர எல்லாரும் சிரித்தார்கள். நம்மைவிட நான்கு வருடம் மூத்த ஆய்வாளரான அக்காதான் கூட்டத்தை நடத்துவார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. தன் ஆய்வைச் சொல்ல எழுந்து நிற்கிறவரிடம் அக்கா முதலில் ஒரே கேள்விதான் கேட்பார். "எது தப்பா இருந்தா இது மொத்தமும் விழும்?" அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் படத்தைத் திரையில் போட முடியும். மழுப்பினால் அக்கா விடமாட்டார், திரும்ப உட்காரச் சொல்லிவிடுவார்.

உன் ஆய்வை நீ சொன்ன நாளை எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. குரங்கணிக்கு மேலே, ஏலத்தோட்டங்கள் முடிந்து புல்மேடு தொடங்கும் இடத்தில் இருந்த சதுப்பிலிருந்து நாம் இறக்கிக் கொண்டுவந்த மண்தான் உன் ஆய்வு. நான்கு குழாய்கள், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகச் சேற்றில் இறக்கி எடுத்தவை. ஒவ்வொன்றிலும் விரற்கடை விரற்கடையாக மண்ணெடுத்து, அதிலிருந்த பழைய மகரந்தத் துகள்களை எண்ணினாய். எது புல், எது மரம் என்று ஒரு வருடம் நுண்ணோக்கியை விட்டு நீ நகரவே இல்லை. கண்டுபிடித்தது இது: ஒரு காலத்தில் புல்லாக இருந்த மலையில் காடு திடீரென்று வந்தது, பிறகு தேய்ந்தது, மீண்டும் திடீரென்று வந்தது. இந்த இரண்டு தாவலுக்கு நடுவில் சிக்கித்தான் நம் மலையின் சிறு தவளை ஒன்று இரண்டு இனமாகப் பிரிந்தது என்று வாதிட்டாய்.

அக்கா கேள்வியைக் கேட்டார். நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "மூணாங்கொழா தலகீழா இருந்தா மொத்தமும் விழுந்துரும்க்கா" என்றாய். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாய். "ஆனா அதுல குறி போட்டது சிலமலைக்காரன். அவன் பயந்தவன், தப்புப் பண்ணமாட்டான்." எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் தலையை ஆட்டினேன்.

மாப்ளே, அந்தத் தலையாட்டல் பொய்.

குழாய்களோடு இறங்கிய அன்று நல்ல மழை. ஏலக்காய் மூட்டை ஏற்றிய ஜீப்பில் நமக்கு இடம் கொடுத்தார்கள். நீ முன்னால் டிரைவர் அண்ணனோடு அரட்டை. நான் பின்னால் மூட்டைகளின் மேல், நான்கு குழாய்களையும் கட்டிப்பிடித்துக்கொண்டு. ஒரு கொண்டையூசி வளைவில் பின்சக்கரம் சேற்றில் வழுக்கியது. கீழே பள்ளம் முழுவதும் வெள்ளையாக மஞ்சு மூட்டம். "அசையாம இருங்க தம்பி" என்று அண்ணன் கத்தினார். நான் குழாய்களை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். உயிர் பெரிது என்று கை தானாக முடிவெடுத்துவிட்டது. வண்டி நின்றபோது மூன்றாம் குழாய் மூட்டைகளுக்கிடையில் குறுக்காகக் கிடந்தது. இரண்டு பக்கத்து மூடிகளும் கழன்றிருந்தன. ஈரத்தில் மார்க்கர் அம்புக்குறியும் அழிந்துபோயிருந்தது. ஒரு மூடியைக் கோட்டுப் பைக்குள் திணித்தது கையின் வேலை, எனக்கு அப்போது நினைவே இல்லை. 'கீழ்' என்று எழுதிய மற்றொன்றை ஒரு முனையில் மாட்டினேன். அடுத்த முனையைப் பாலித்தீன் தாளால் கட்டி, அம்புக்குறியை ஒரு குத்துமதிப்பில் திரும்பப் போட்டேன். எந்த முனை எது என்று எனக்குத் தெரியாது. குரங்கணியில் இறங்கியதும் நீ கேட்டாய்.

"எல்லாம் சரியா இருக்கா மாப்ளே? நல்லாத் தெரியுமா?"

"சரியாத்தான் இருக்கு" என்றேன்.

கம்பியைப் பிடிக்கக் குழாயை விட்டேன் என்று சொல்ல வெட்கம். ஒரு தடவை சொல்லாமல் விட்டது, பிறகு சொல்லவே முடியாததாகிவிட்டது. முதல் குழாயிலும் நான்காம் குழாயிலும்தான் காலக்கணிப்புக்கு மாதிரி அனுப்பினோம். நடுவில் இருந்ததை யாரும் சந்தேகப்படவில்லை, என் அம்புக்குறி இருந்ததே. உன் கட்டுரை வெளிவந்தது. அடுத்த கார்த்திகையில் ஒன்பது நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய்.

மிச்ச மண்ணோடு குழாய்களை வைத்திருக்கும் குளிர் அறையைத் திறந்து அந்தக் குழாயை லென்ஸில் பார்க்கப் பத்து நிமிடம் போதும். மூன்று வருடமாக நான் அந்தக் கதவுப் பக்கம் போகவில்லை. தப்பாக இருந்தால் உன்னிடமிருந்து எதை எடுத்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு கட்டுரைதான் உன்னுடையது என்று மிச்சம் இருக்கிறது.

நேற்றுச் சனிக்கிழமை உன் நினைவாகக் கூட்டம். உன் ஆய்வை உன் சார்பில் நான் நின்று சொல்ல வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். எழுந்து நின்றேன். அமுதா அக்கா வழக்கத்தை விடவில்லை. அதே கேள்வியைக் கேட்டார். நான் மூடியை மேசைமேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

திட்டுவார்கள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"சந்தேகந்தானா, இல்ல நிச்சயமாத் தெரியுமா?" என்றார் அக்கா.

"சந்தேகந்தான் அக்கா."

"அப்ப வா. போய்ப் பாத்துருவோம்."

எல்லாரும் குளிர் அறைக்குப் போனோம். அக்கா என் அம்புக்குறிப்படியே குழாயை எடுத்து வைத்தார். கரும் மண்ணுக்கு நடுவே மெல்லிய மணல் பட்டை ஒன்று இருந்தது, என்றைக்கோ ஒரு வெள்ளம் கொண்டுவந்து போட்டது. வெள்ளம் மணலைப் போட்டால் பருமணல் முதலில் அடியில் இறங்கும், பொடிமணல் அதன்மேல் படியும். லென்ஸை என் கையில் கொடுத்து, "நீயே பாரு" என்றார் அக்கா. குனிந்து பார்த்தேன்.

பருமணல் மேலே இருந்தது.

அக்கா காகிதத்தில் மூன்றாம் துண்டை மட்டும் திருப்பி வரைந்து பார்த்தார். இரண்டு தாவலும் மறைந்துபோயின. கீழிருந்து மேல்வரை காடு மெல்ல மெல்ல ஏறி வந்திருந்தது. என் கட்சி ஜெயித்திருந்தது, மாப்ளே. நான் அந்தக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

இன்று காலை ராசிங்காபுரம் போனேன். உன் அப்பாவுக்கு இது வேறு யாரும் சொல்லித் தெரியக்கூடாது. பஸ்ஸிலிருந்து இறங்கி உங்கள் தெருமுனை வரை போய்விட்டு இரண்டு முறை திரும்பிவிட்டேன். மூன்றாவது முறை அவரே பார்த்துக் கூப்பிட்டார். உனக்குத் தெரியுமா, உன் படத்துக்குப் பக்கத்தில் உன் ஆய்வு வரைபடத்தையும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் விரலை வைத்துக் காட்டுவாராம். "இந்த எடத்துலதான் தடாலுன்னு காடு வந்துருக்கு. எம்மகன் கண்டுபிடிச்சது."

தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நிமிர்ந்தபோது அவர் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதத் தலகீழா மாட்டுனாச் சரியாப் போயிருமா அப்பு?"

"இல்ல மாமா. நடுவுல ஒரு துண்டு மட்டுந்தான்."

"அவன் எண்ணுனது?"

"அது அத்தனையும் சரி மாமா. ஒண்ணுகூடத் தப்பில்ல. நான் சொன்னத நம்பிட்டான், அதான்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இப்ப அவன் இருந்தா ஒன்னைய என்ன செஞ்சுருப்பான்?"

"அடிச்சிருப்பான்."

"பெறகு?"

"ஒக்காந்து திருத்தி எழுதியிருப்பான்."

"அடிக்கிற சோலி என்னால ஆகாதுப்பா." எழுந்து ஆணியிலிருந்து சட்டத்தைக் கழற்றினார். துண்டால் கண்ணாடியைத் துடைத்து என் மடியில் வைத்தார். "கொண்டுபோயி நெசமானதப் போட்டுக் கொண்டா. வெரசா வா. செவத்துல அந்த எடம் வெறிச்சுன்னு கெடந்தா எனக்கு ஆகாது."

சட்டம் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. கட்டுரை வந்த ஆய்விதழுக்குத் திருத்தக் கடிதம் எழுதிவிட்டேன். பிழை யாருடையது என்பதற்கு நேராக என் பெயரைப் போட்டிருக்கிறேன். உன் எண்களில் ஒன்றையும் தொடாமல் படத்தை மறுபடி வரைந்துகொண்டிருக்கிறேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் இன்னொரு பொய்யாகிவிடும். ஒவ்வொரு புள்ளி வைக்கும்போதும் கை நிற்கிறது. "நல்லாத் தெரியுமா?" என்று நீ கேட்கிறாய். நான் திரும்ப ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அடுத்த புள்ளிக்குப் போகிறேன்.