ஓட்டத் தெரியாதவனின் ஹைப்ரிட் கார்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். கார் திறக்கவில்லை. சாவியில் பட்டனை அமுக்கினால் 'கீக்' என்று குரல் கொடுக்கும், பக்கக் கண்ணாடி விரியும். இன்று ஒன்றுமில்லை. செத்த பாம்பை அடிக்கிற மாதிரி அமுக்கிக்கொண்டே நின்றேன். சாவிக்குள் ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும் என்று என் மனைவி மலர் காட்டிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. அதைப் போட்டுத் திறந்தேன். உள்ளே பட்டனைத் தட்டினால் மீட்டரில் நாலைந்து லைட் மினுக்கிவிட்டு அணைந்தது.

அயர்லாந்துக்கு விமானம் ஏறும்போது அவள் என்னிடம் விட்டுப்போன ஒரே வேலை இது. "வாரத்துல ரெண்டு மூணு நாள் வண்டிய ஆன் பண்ணி வைங்க. சும்மா நின்னா பேட்டரி படுத்துக்கும்." நான் தினமும் ஆன் செய்தேன். தினமும்! அப்படியும் படுத்துக்கொண்டால் நான் என்ன செய்ய? எனக்கு பைக்தான் ஓட்டத் தெரியும். காரை வாங்கியவள் அவள், ஓட்டுகிறவள் அவள். கார் இங்கே பருத்திப்பட்டில், அவள் அங்கே ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

சாயங்காலம் போன். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். கேன்டீன் பக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசுவாள்.

"என்னங்க, குரல் வேற மாதிரி கேக்குது? கார்ல இல்லியா?"

"மழை. வீட்டுக்குள்ளயே இருந்துட்டேன்."

கார் படுத்ததைச் சொல்லவில்லை. ஒரே ஒரு வேலை கொடுத்தாள், அதையும் கெடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவள் கான்ட்ராக்ட் மார்ச்சோடு முடிகிறது. இன்னும் ரெண்டு வருஷம் இருப்பாளா, ஊருக்கு வருவாளா என்று இந்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டுமாம்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"உன் இஷ்டம் மலரு. உனக்கு எது நல்லதோ அத செய்."

"சரி. வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"சாப்டாச்சா?"

"ம். வேற?"

வைக்க மனசில்லாமல் இப்படியே ஓட்டுவோம். கடைசியில் அவளுக்கு நேரமாகிவிடும்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை விட்டது. வேலையில் எல்லோரிடமும் கேட்டேன். ராணுவத் தொழிற்சாலையில் பீரங்கி வண்டியையே பிரித்துப் போட்டு மறுபடி மாட்டுகிற ஊர் இது. பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்த ஹைப்ரிட் என்றதும் ஆளாளுக்குக் கையைக் கட்டிக்கொள்கிறார்கள்.

தெருமுனை மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினான்.

"ஆரஞ்சு கலர் ஒயரு பாத்தியா சார்? அத்தத் தொட்டா நேரா மேலதான். எனுக்கு ரெண்டு பசங்க கீது. பூந்தமல்லில அன்வர் பாய்னு ஒருத்தர் கீறாரு, அவரக் கூப்டு."

கூப்பிட்டேன். வியாழன் வருவாராம்.

வாங்க: கொசுவர்த்தி. மாவு. கேஸ் புக் பண்ண.

ம. போன். வீட்டிலிருந்தே பேசினேன். போனைக் காதில் வைத்தால் அவள் அயர்லாந்தில் இருப்பது தெரிகிறது. காரில் அப்படி இல்லை. முதல் மாதம் ஒரு நாள் காரை ஆன் செய்து உட்கார்ந்திருந்தபோது அவள் கூப்பிட்டாள். போன் தானாக வண்டியோடு சேர்ந்துகொண்டு, நாலு கதவிலிருந்தும் அவள் குரல். "என்னங்க பண்றீங்க?" என்று பக்கத்து சீட்டிலிருந்து கேட்ட மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கம்கெட்டு எழுதுகிறேன். அதிலிருந்து தினமும் காரில்தான் பேச்சு. பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் இருப்பேன். அவளுக்குப் பிடித்த பாட்டு அதிலேயே சேமித்து வைத்திருக்கிறாள்.

நவம்பர் 6, வியாழன்

நல்ல வெயில். அன்வர் பாய் வந்தார். பேச்சு மன்னன். கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம்.

"சார், இதுல பேட்டரி ரெண்டு. பெருசு ஒண்ணு, வண்டிய இழுக்குறதுக்கு. சின்னது ஒண்ணு, உன் பைக்ல கீற மாதிரி. சின்னது செத்தா பெருச யாரு எழுப்புவா? வாட்ச்மேன் தூங்கிட்டா மொதலாளி ஊட்டுக்குள்ள பூற முடியுமா?"

சின்னது டிக்கியில் இருந்தது. தன் வண்டியிலிருந்து ஒயர் கொடுத்தார். டிரைவர் சீட்டில் ஏறி பட்டனைத் தட்டினார், வந்துவிட்டது. பானட்டுக்குள் தேடி, எலி கடித்த ஒயர் ஒன்றைக் கண்டுபிடித்து எனக்கே பரிசு மாதிரி காட்டினார். வீடு ஏரி ஓரம், மழைக்காலம், எலிக்குக் கதகதப்பான இடம் வேண்டும். டேப் சுற்றினார். கரண்ட் அதில்தான் கசிந்திருக்கும் என்றார்.

"ஏசியும் பாருங்க பாய். காத்து மட்டும் வருது, குளிர்ச்சியே இல்ல. ரொம்ப நாளா."

கையை நீட்டிப் பார்த்தார். "ஜில்லுனு கீது. இன்னா சார் நீ?"

நானும் கை நீட்டினேன். ஜில்லென்றுதான் இருந்தது. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விடுகிற மாதிரி.

சாயங்காலம் காரில் பேசினேன். "இப்பதான் உங்க குரல் உங்க குரலா இருக்கு" என்றாள். எலியைப் பற்றிச் சொன்னேன், சிரித்தாள்.

நவம்பர் 9, ஞாயிறு

துணி துவைத்தேன். காயாது போல.

ம. இன்று நிறையப் பேசினாள். வந்ததும் மாங்காடு கோயிலுக்குப் போக வேண்டுமாம், அங்கிருந்து பாரிவாக்கம் வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு. "நான் ஓட்டுறேன், நீங்க வழக்கம் போல பக்கத்துல உக்காந்து பிரேக் பிடிங்க." நான் பக்கத்தில் உட்கார்ந்தாலும் வலது காலை மிதித்துக்கொண்டே வருவேனாம். இல்லாத பிரேக்கை.

'வந்ததும்' என்றாள். எப்போது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

காரை விட்டு இறங்கும்போது எதிர்வீட்டு செல்வி அக்கா வாசலில். "தெனம் ஒரு மணி நேரம் வண்டிக்குள்ள குந்திக்கினு இன்னாதான் பேசுவீங்களோ! எங்க ஊட்டுக்காரரு பக்கத்துல கீறப்பவே எங்கிட்ட பேச மாட்டாரு."

இன்று சொல்லிவிடலாம் என்றுதான் ஏறினேன். வா என்று ஒரு வார்த்தை. மலர் சொந்தக் காலில் போனவள். படித்து, பரீட்சை எழுதி, இத்தனை வயசில் புது ஊரில் பனியில் நடந்து வேலைக்குப் போகிறாள். வேண்டாம் வா என்று இழுக்கிற புருஷனாக இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொண்டு தனியாகத் தோசை வார்த்துத் தின்கிறேன். வண்டி முழுசாகச் சரியாகட்டும், அப்புறம் சொல்லலாம். மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறதே.

நவம்பர் 12, புதன்

மேகமூட்டம். மறுபடி படுத்துவிட்டது! நேற்று வரை பேசினேன் அதில்.

அரை உயிரில் ஒரு எச்சரிக்கை வேறு. ஹைப்ரிட் சிஸ்டத்தைச் சரிபார்க்கவும் என்று. பதற்றத்தில் படம் எடுத்து ம.வுக்கு அனுப்பித் தொலைத்தேன். அனுப்பிய பிறகுதான் புத்தி வந்தது.

உடனே கூப்பிட்டாள்.

"பெரிய பேட்டரியே போச்சா?"

"தெரியல. பாய் வரணும்."

"உங்களுக்கு எதுக்கு இந்தத் தொல்லை. நீங்க ஓட்டவும் போறதில்ல. பேசாம வித்துடுங்களேன்."

"ம்."

"என்ன ம்?"

"பாக்கலாம்."

வித்துடுங்க என்கிறாளே. திரும்பி வருகிறவள் காரை விற்கச் சொல்வாளா? ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. விற்கவே மாட்டேன். அவள் சீட்டில் எவனோ உட்காருவதை நான் பார்க்க வேண்டுமா?

நவம்பர் 13, வியாழன்

பாய் வந்தார். பெரிய பேட்டரிக்கு ஒன்றுமில்லையாம். சின்னது பலம் இழந்தால் வண்டி கண்டதையும் உளறுமாம். "ஜொரத்துல பொலம்புற மாதிரி சார்." சின்னதை மாற்றிவிட்டார், புதுசு.

பின்சீட்டு ஓரத்தில் ஒரு ஜன்னல் மாதிரி இருக்கிறது. பெரிய பேட்டரி மூச்சு விடுகிற வழி. அதன் ஃபில்டரைக் கழற்றினார். ஒரே தூசி, நடுவில் நீள முடி சுருண்டு கிடந்தது. மலரின் முடி. தலை காயாமல் அவசரமாக வண்டியில் ஏறிப் பின்னால் பையைப் போட்டுவிட்டு, சிக்னலில் நின்று முடி உதறுகிறவள். பாய் ஊதித் தட்டிக் கீழே போட்டுவிட்டார். அது விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் காரில். சந்தோஷமாக எல்லாம் சொன்னேன். புது பேட்டரி, பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேலேயே காட்டுகிறது, ஃபில்டர் சுத்தம், பெரியது பத்திரம்.

"சரிங்க. வேற?"

"பாய் கெட்டிக்காரர். டெர்மினல்ல கூட கிரீஸ் போட்டுட்டார்."

"ம். வேற?"

"எலிக்கு மருந்து வெச்சிருக்கேன்."

"வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லியா?"

"வேற என்ன? எல்லாம் நல்லா இருக்கு. நீ கவலப்படாத."

டியூட்டி என்று வைத்துவிட்டாள்.

நவம்பர் 17, திங்கள்

பலத்த மழை. லீவு விடவில்லை. கார் படுத்துவிட்டது. புது பேட்டரி!

பாய்க்குப் போன். கோபம் வந்துவிட்டது அவருக்கு. "புதுசு எப்டி சார் டவுன் ஆவும்? எம் பேரக் கெடுக்கறதுக்குன்னே ஒரு வண்டி வெச்சிக்கினு கீற நீ."

மூன்று நாளாக ம. சரியாகப் பேசவில்லை. வேலை அதிகமாம். குரலில் ஏதோ குறைந்திருக்கிறது. பேட்டரி என்றால் மீட்டர் வைத்துப் பார்க்கலாம், குரலுக்கு?

நவம்பர் 18, செவ்வாய்

மழை விட்டு வெளிச்சம். பாய் வேலை முடிந்த பிறகு வந்தார். ஒயர் கொடுத்து உயிர் வரவைத்து, கொஞ்ச நேரம் சார்ஜ் ஏறவிட்டார். அப்புறம் அணைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இப்ப நீ தெனம் எப்டி ஆன் பண்ணுவியோ, அதே மாரி பண்ணு. நான் பாக்குறேன்."

இடது பக்கமாகச் சுற்றிப் போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். வலது கையை எட்டி நீட்டி பட்டனை அமுக்கினேன். மீட்டர் எரிந்தது, பாட்டு வந்தது, காற்று வந்தது. பெருமையாகப் பார்த்தேன்.

"இன்னா சார் அங்க போயி குந்துற?"

"என் எடம் அதான் பாய்."

"காலு எங்க? பிரேக்க மெரிக்கல?"

"பிரேக் அந்தப் பக்கம் இருக்கு."

பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிரேக்கை மிதித்துக்கொண்டு தட்டினால்தான் வண்டி உண்மையாக எழுமாம். மிதிக்காமல் தட்டினால் லைட்டும் பாட்டும் காற்றும் மட்டும் வரும், எல்லாம் சின்ன பேட்டரியை உறிஞ்சிக்கொண்டு. பெரியது எழாது, சின்னதற்கு ஊட்டாது, ஏசியும் குளிராது. ஹைப்ரிட்டில் சத்தமே இருக்காது என்று மலர் சொல்லியிருந்தாள். அமைதியாக இருந்ததால் ஓடுகிறது என்றே நினைத்துவிட்டேன். இத்தனை மாதமாக பேட்டரியைக் காப்பாற்றுகிறேன் என்று தினமும் நானே கொன்றிருக்கிறேன்.

செல்வி அக்கா எதிர்வாசலிலிருந்து, "பாய், அவுரு வண்டி ஓட்டறதுக்கா ஏறுறாரு? பொண்டாட்டியோட பேசறதுக்கு ஏறுறாரு!"

பாய் சிரிக்கவில்லை. துணியில் கையைத் துடைத்தார்.

"அண்ணி வெளியூரா?"

"வெளிநாடு."

"சீக்கிரம் வரச் சொல்லு சார். பேட்டரிக்கும் நல்லது."

காசு வாங்க மறுத்தார், திணித்தேன்.

எலி இல்லை, ஒயர் இல்லை, பேட்டரி இல்லை. அவள் சீட்டில் உட்கார எனக்கு மனசு வராததுதான் கோளாறு. நாளைக்குச் சொல்லிவிட வேண்டும். வண்டியும் சரியாகிவிட்டது, இனி என்ன சாக்கு?

நவம்பர் 19, புதன்

வானம் தெளிவு. வேலையில் கை ஓடவில்லை. என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று மனப்பாடம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட இவ்வளவு ஒத்திகை பார்க்கவில்லை.

சாயங்காலம் டிரைவர் சீட்டில் ஏறினேன். முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. பிரேக்கை மிதித்துத் தட்டினேன். தயார் என்று பச்சையாக எரிந்தது. ஏசி ஜில்.

போன் வந்ததும் நடந்ததை எல்லாம் சொன்னேன். இடது சீட், எட்டித் தட்டினது, பாய் தலையில் அடித்துக்கொண்டது. சிரித்தாள், சிரித்தாள், மூச்சு முட்டச் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! படிக்கட்டில் யாரோ திரும்பிப் பார்க்கிறார்கள் என்றாள்.

"பேசி முடிச்ச பெறகும் ஏங்க உக்காந்திருந்தீங்க? எறங்கி வீட்டுக்குப் போக வேண்டியதுதான?"

"வீட்ல நீ இல்லியே."

சிரிப்பு நின்றுவிட்டது.

மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோனது. "மலரு, நீ வந்துடு. ரெண்டு வருஷமெல்லாம் வேணாம். மார்ச்சோட முடிச்சிட்டு வந்துடு. என்னால முடியல."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"என்னங்க... இத்தன நாள்ல ஒரு தடவ கூட நீங்க இத சொல்லலியே."

"இப்ப சொல்றேன்ல."

"நீங்க சொல்வீங்க சொல்வீங்கன்னுதான் வேற, வேறன்னு எத்தன தடவ கேட்டேன். உங்களுக்கு நான் இல்லாமயே பழகிடுச்சு போலன்னு நெனச்சேன்." மூக்கை உறிஞ்சினாள். "வெள்ளிக்கிழமை கையெழுத்து போட்டுக் குடுத்துட்டேங்க. ரெண்டு வருஷம்."

வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின நாள்தான் இதே காரில் உட்கார்ந்து, புது பேட்டரி எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.