நஸீம் நின்ற இடம்

அன்பின் றோசாவுக்கு,

உன்னையும் பிள்ளைகளையும் கர்த்தர் சுகமாக வைத்திருக்கட்டும். உன் இருமல் குறைந்ததா? போனில் கதைத்தால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இங்கிருந்து லீவில் ஊருக்கு வருபவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

இங்கே நாங்கள் வேலை செய்யும் களஞ்சியத்தில் ஒரு விபத்து. பயப்படாதே, எனக்கு ஒரு கீறலும் இல்லை. பெட்டிகள் அடுக்கிய றாக்கை சரிந்து, நம்ம சாய்ந்தமருது நஸீம் மௌத்தாகிவிட்டான்; அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

நீ அனுப்பும் இரண்டு போத்தல் சம்பலில் ஒன்று அவனுக்குத்தான். வெள்ளிக்கிழமை அவன் ஜும்ஆத் தொழுகைக்குப் போக, அவன் வேலையை நான் பார்ப்பேன். ஞாயிறு நான் ஆராதனைக்குப் போக, என் வேலையை அவன் பார்ப்பான். அன்றைக்கு ஞாயிறு. நான் பாடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில், இங்குள்ள நமது மட்டக்களப்புப் போதகர், "கர்த்தர் உங்களக் காப்பாத்தினாரே தம்பி, எழும்பிச் சாட்சி சொல்லுங்க" என்றார்.

"அப்ப நஸீம ஆரு ஐயா கைவிட்டது?" என்று கேட்டேன்.

"இயேசுவும் சிலுவையில, ஏன் என்னைக் கைவிட்டீர் எண்டுதான் கேட்டார்" என்றார் அவர்.

"பதில் வந்திச்சா?"

"அண்டைக்கு வரல்ல" என்றவர், என் பக்கத்தில் வந்திருந்து அழுதார். வேறு ஆறுதல் கிடைக்கவில்லை.

நஸீமின் மனைவி றுமானா, புருசன் இறந்த துக்கத்துக்கு வீட்டுக்குள்ளேயே இத்தா இருப்பதால் ஆண்கள் போக முடியாது. நீ போ. அவன் தன் வேலை நேரத்தில் மௌத்தானதாகத்தான் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது என்னுடைய நேரம் என்று சொல். அவள் ஏசினால் கேட்டுக்கொண்டிரு.

வருபவர் அவசரப்படுத்துகிறார். மாசிச் சம்பல் அனுப்புவதானால் இனி ஒரு போத்தல் போதும்.

உன்
றஜீவன்