காளான் குழம்பும் அரை மணி நேரமும்

பொம்மனஹள்ளி
13.7.1998

அன்புள்ள தவமணிக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நானும் என் தொப்பையும் சௌக்கியம்.

நேற்று மழை பெய்ததும் ஆசை தாங்காமல் கடையில் பாக்கெட் காளான் வாங்கிக் குழம்பு வைத்தேன். கூடத் தங்கியிருக்கும் சண்முகம் தட்டைத் தள்ளிவிட்டார்.

"நீ மொதல்ல சாப்புடுப்பா. அரை மணி நேரம் பாத்துட்டு நான் சாப்புடறேன். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

சொன்னபடியே என் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணியில் சட்டி காலி. அவருக்கு மோர்சோறுதான்.

காளான் வைக்கும் நாளில் நீயும் சாப்பிடாமல் என் முகத்தையே பார்ப்பாய். அது பாசமா பரிசோதனையா என்று இத்தனை வருடம் கேட்கத் தோன்றவில்லை. எதுவானாலும் சரி, நீ எதிரே இல்லாமல் சட்டி காலியானதே தவிர வயிறு நிறையவில்லை.

மிளகாய்த்தூள் தீர்ந்துவிட்டது. யாரிடமும் கொடுத்தனுப்பிவிடாதே. அதைச் சாக்காக வைத்துத்தான் சனிக்கிழமை ஊருக்கு வரப்போகிறேன்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

உன்
கோதண்டம்